நடையை வெட்டிவிட்டு வசூல் இல்லை என்கிறார்கள்

எங்கள் வட்டாரத்தில் உள்ள சில கிராமங்களுக்கு இரவில் வந்து தங்கி, விடியற்காலையில் புறப்பட்டுச் சென்ற நகரப் பேருந்தை, முன்னறிவிப்போ நிறுத்தத்தில் ஒட்டிய ஒரு துண்டுக் காகிதமோ இல்லாமல் நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுத்த மனு, ஆட்சியர் அலுவலகத்திலிருந்து போக்குவரத்துக் கழகத்துக்கும் அங்கிருந்து பணிமனைக்கும் போய்ச் சுற்றித் திரும்பி வந்தபோது, "போதிய வசூல் இல்லாத காரணத்தால் இயக்க இயலாது" என்ற ஒற்றை வரி மட்டும் அதில் இருந்தது. எந்த மாதத்து வசூல், எந்த நடையின் வசூல், அந்த மாதத்தில் வண்டி உண்மையில் எத்தனை நாள் வந்தது என்பதையெல்லாம் சொல்ல வேண்டும் என்ற எண்ணம்கூட அந்தப் பதிலை எழுதியவருக்கு வரவில்லை.

நைட் ஆல்ட் வண்டி என்றால் என்ன என்பதை நகரத்தில் இருந்துகொண்டு பேருந்துகளின் இலாப நட்டத்தைப் பேசுபவர்கள் ஒரு முறையாவது வந்து பார்த்திருக்க வேண்டும். கடைசி நடையில் ஒன்பதரை மணிக்கு வண்டி ஊருக்குள் நுழையும்; ஓட்டுநரும் நடத்துநரும் கோயில் மண்டபத்திலோ வண்டியின் நீளமான பின் இருக்கையிலோ படுத்துக்கொள்வார்கள்; விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே டீக்கடைக்காரர் அவர்களை எழுப்பிவிடுவார். அந்த முதல் நடையில் ஏறுபவர்கள் யார் என்றால், ஈரச் சாக்கில் மல்லிகை அரும்பைக் கட்டிக்கொண்டு பூச்சந்தைக்குப் போகிறவர்களும், கட்டட வேலைக்குத் தூக்குவாளியோடு புறப்படும் பெண்களும், நகராட்சியின் தூய்மைப் பணியாளர்களும், அரசு மருத்துவமனையில் வெளிநோயாளி சீட்டு வாங்க முன்கூட்டியே போய் நிற்க வேண்டிய முதியவர்களும்தான். பூ ஏழு மணிக்கு முன் சந்தைக்குப் போய்ச் சேராவிட்டால் அன்றைய விலை போய்விடும். எட்டரை மணிக்கு வரும் அடுத்த பேருந்தைச் சுட்டிக்காட்டி "மாற்று வசதி உள்ளது" என்று எழுதுகிற அதிகாரிக்கு இது தெரியாதா, அல்லது தெரிந்தும் எழுதுகிறாரா என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஒரு வழித்தடம் எப்படிச் சாகடிக்கப்படுகிறது என்பதைக் கிராமத்துப் பேருந்தை நம்பி வாழும் எவரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். யாரும் ஒரே நாளில் நிறுத்துவதில்லை. முதலில் நடத்துநர் இல்லை என்று ஒரு நாள் வண்டி வராது; பிறகு வண்டி பழுது, ஸ்பேர் வண்டி இல்லை என்பார்கள்; முகூர்த்த நாள், பௌர்ணமி கிரிவலம், பொங்கல், தீபாவளி என்று எது வந்தாலும் சிறப்புப் பேருந்துக்காக முதலில் பிடுங்கப்படுவது நகரப் பேருந்துகள்தான். வருமா வராதா என்று தெரியாத வண்டிக்காக இருட்டில் யார் காத்துக்கொண்டிருப்பார்கள்? வசதி உள்ளவர் கடன் வாங்கி இருசக்கர வாகனம் வாங்குகிறார். வசதி இல்லாதவர் ஷேர் ஆட்டோவில் பத்துப் பேரோடு பதினோராவது ஆளாகத் தொங்குகிறார். வேறு வழியில்லாத பெண்கள் அந்த வேலையையே விட்டுவிடுகிறார்கள். இப்படி ஆட்களை விரட்டி முடித்த பிறகு வசூல் அட்டவணையை எடுத்துப் பார்த்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு ரூபாய்கூட வரவில்லை என்று அதிர்ச்சியடைந்து, மீதமிருக்கும் நடையையும் வெட்டுகிறார்கள். பயிருக்குத் தண்ணீரை அடைத்துவிட்டு, காய்ந்த பயிரைக் காட்டி மண் சரியில்லை என்று சொல்கிற கதைதான் இது.

இதில் எனக்கு அடங்காத ஆத்திரம் தருகிற பகுதி ஒன்று இருக்கிறது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். அந்தப் பயணச்சீட்டுக்கான தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுசெய்கிறது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாயாக இருந்த அந்த ஒதுக்கீடு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 3,600 கோடி ரூபாயாக உயர்ந்திருக்கிறது. இந்தத் திட்டத்தால் ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னதை அரசே பெருமையோடு மேடைதோறும் எடுத்துச் சொன்னது. பெருமைப்பட வேண்டிய திட்டம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எங்கள் வண்டியில் ஏறியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களுக்கான கட்டணத்தைக் கருவூலம் கொடுக்கிறது என்றால், நடத்துநரின் தோல்பையில் விழும் சில்லறையை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு வசூல் இல்லை என்று கைவிரிப்பது என்ன நியாயம்? பேருந்தே வராத ஊரில் கட்டணமில்லாப் பயணத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வாள்? இரண்டு வேளையும் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தால், அரசு மிச்சப்படுத்திக் கொடுத்ததாகச் சொல்லும் 888 ரூபாய் மாதத்தின் பாதியைக்கூடத் தாண்டாது.

பணிமனையில் இருப்பவர்களை மட்டும் திட்டிவிட்டு இதை முடித்துக்கொள்ள முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிளை மேலாளரிடம் போய்க் கேட்டால், வண்டி இருந்தால் ஓட்டுநர் இல்லை, ஓட்டுநர் இருந்தால் நடத்துநர் இல்லை என்று அவர் தலையில் கைவைத்துக்கொள்கிறார். அவர் சொல்வது பொய்யும் அல்ல. ஆண்டுக்கணக்கில் ஓய்வு பெற்றவர்களின் இடங்களை நிரப்பாமல் விட்டுவிட்டு, 2025 மார்ச்சில்தான் எல்லாக் கழகங்களுக்கும் சேர்த்து 3,274 ஓட்டுநர் மற்றும் நடத்துநர் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கேட்டார்கள். மாநிலம் முழுவதும் சுமார் 20,000 பேருந்துகளை இயக்கும் எட்டுக் கழகங்களுக்கு இது எந்த மூலைக்கு? ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் தங்கள் பணப்பலன்களுக்காகவும் அகவிலைப்படிக்காகவும் தெருவில் உட்கார வேண்டியிருக்கிறது. 2018 ஜனவரியிலும் 2024 ஜனவரியிலும் வேலைநிறுத்தம் நடந்தபோது பொங்கல் நேரத்தில் மக்களைத் தவிக்கவிடுகிறார்கள் என்று தொழிலாளர்களைத்தான் எல்லோரும் ஏசினோமே தவிர, கழகங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது எது என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

1972-ல் தனியார் பேருந்துகளை அரசுடைமையாக்கிப் பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என்று கழகங்களைத் தொடங்கியபோது, வசூல் வரும் தடத்தில் கிடைக்கும் வருவாயைக் கொண்டு வசூல் வராத தடத்தையும் ஓட்டுவது என்ற ஏற்பாட்டில்தான் குக்கிராமங்களுக்கெல்லாம் பேருந்து போய்ச் சேர்ந்தது. இந்தியாவின் பல மாநிலங்களில் இன்றும் காண முடியாத கிராமப் பேருந்து வலைப்பின்னல் அப்படித்தான் உருவாயிற்று. அந்த ஏற்பாடு இன்று தாங்கவில்லை என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும். பேருந்துக் கட்டணம் கடைசியாக 2018 ஜனவரியில் உயர்த்தப்பட்டபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், மாத இறுதியிலேயே கொஞ்சம் குறைத்தார்கள், அதன் பிறகு பல ஆண்டுகளாக அதைத் தொட எந்தக் கட்சிக்கும் துணிவு இல்லை. அப்போது லிட்டருக்கு 70 ரூபாயை எட்டாத டீசல், 2022-லிருந்து 90 ரூபாய்க்கு மேலேயே நிற்கிறது. மொத்தமாக வாங்குவோருக்கு டீசல் விலையை மத்திய அரசு தனியாக உயர்த்திய 2013-ல், அரசுப் பேருந்துகள் சொந்தப் பணிமனைக் குழாயை மூடிவிட்டுத் தனியார் பெட்ரோல் பங்குகளில் வரிசைகட்டி நின்ற கேவலத்தையும் நாம் பார்த்தோம். கட்டணத்தை உயர்த்தாமல் இருப்பது சரியான முடிவு. ஏழைகளின் பயணத்தை அந்த விலைக்கு விற்கக் கூடாது. ஆனால் அந்த முடிவை எடுத்த அரசு, அதனால் விழும் பள்ளத்தைக் கருவூலத்திலிருந்து முழுதாக நிரப்ப வேண்டும். அதைச் செய்யாமல் கடன் வாங்கு, தொழிலாளியின் பணத்தில் கைவை, கடைசியில் யாருக்கும் தெரியாமல் ஏதாவது ஓர் ஊரின் நடையை வெட்டு என்று கழகங்களை விட்டிருக்கிறார்கள்.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய் செலவாகிறது. அது வரட்டும், சென்னைக்கு அது தேவைதான். அதற்கு ஒப்புதல் கொடுத்த எவரும் எந்த நிலையத்தில் காலை ஐந்து மணிக்கு எத்தனை பேர் ஏறுவார்கள், வசூல் கட்டுப்படியாகுமா என்று கேட்டு அந்தத் திட்டத்தையே கிழித்துப் போடவில்லை. எங்கள் ஊருக்கு வரும் தார்ச்சாலை இதுவரை எவ்வளவு சம்பாதித்தது என்று நெடுஞ்சாலைத் துறையை யாரும் கேட்டதில்லை. பூக்காரியும் தூய்மைப் பணியாளரும் ஏறுகிற பேருந்து மட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தன் இருப்பை நியாயப்படுத்தியாக வேண்டும்.

"இப்போதுதான் வீட்டுக்கு வீடு வண்டி இருக்கிறதே" என்று சொல்பவர்களிடம் எனக்குப் பேசப் பொறுமை இல்லை. வீட்டில் இருக்கும் அந்த ஒரு வண்டியை யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள், மீதமிருக்கும் நால்வர் எப்படிப் போகிறார்கள் என்று அவர்களே தங்கள் வீட்டில் விசாரித்துக்கொள்ளட்டும். மினி பேருந்து வருகிறதே என்பது இன்னொரு சமாதானம். 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிவைத்த புதிய திட்டத்தின்படி ஓடுபவை தனியார் வண்டிகள். ஆள் நிறையும் நேரத்தில் அவர்கள் ஓட்டுவார்கள், இரவு ஒன்பதரைக்கு நான்கு பேருக்காக உள்ளூருக்கு வந்து தங்கிவிட்டு விடியற்காலையில் எடுப்பார்கள் என்று நம்புவதற்கு நாங்கள் என்ன குழந்தைகளா?

எங்கள் ஊர்க்காரர்களும் பக்கத்து ஊராட்சிகளைச் சேர்ந்தவர்களும் கூடிப் பேசியிருக்கிறோம். வரும் அக்டோபர் 2 கிராம சபையில் எல்லா ஊராட்சிகளிலும் ஒரே தீர்மானத்தை வைக்கப் போகிறோம். இலாபம் வராது என்று தெரிந்தே ஓட்ட வேண்டிய தடங்களுக்கு, ஏறிய ஆட்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல், ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசு தனி நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதில் முதன்மையானது. எந்த நடையை நிறுத்துவதாக இருந்தாலும், சம்பந்தப்பட்ட கிராம சபையின் முன் கணக்கை வைத்துப் பேசிய பிறகே நிறுத்த வேண்டும் என்றும் கேட்கிறோம். அன்றாடம் எத்தனை நடை ஓட வேண்டும், எத்தனை ஓடியது, ஓடாததற்குக் காரணம் என்ன என்பதைப் பேருந்து நிலையத்து நேரக் காப்பாளர் அறையின் வெளிச்சுவரில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. இதற்கு ஒரு கரும்பலகையும் சாக்குக்கட்டியும் போதும், வசூல் இல்லை என்ற பதிலை இதற்கும் எழுதி அனுப்ப முடியாது. தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்ற மறுத்தாலோ, திருத்தி எழுத முயன்றாலோ, கையெழுத்துப் போடாமல் கூட்டத்தை விட்டு எழுந்திருப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். தீர்மானம் நிறைவேறிய பின்னும் வண்டி வரவில்லையென்றால், அடுத்த திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனுவோடு ஒருவர் போகப் போவதில்லை, அந்த முதல் நடையில் ஏறிக்கொண்டிருந்த அத்தனை பேரும் போவோம். அவ்வளவு பேரும் போய்ச் சேருவதற்குப் பேருந்து கிடையாது என்பதால், அன்று ஆட்சியர் அலுவலகத்துச் சாலையில் எங்கள் ஷேர் ஆட்டோக்கள்தான் வரிசைகட்டி நிற்கும்.