இடம் சரி, கிழமை சரி, தேதி மட்டும் தவறு

பல ஆண்டுகளாகப் பெட்டிக்குள் கிடந்த என் பழைய ஜி.பி.எஸ் கருவிக்குச் சென்ற வாரம் புது பேட்டரி போட்டு வெட்டவெளியில் வைத்தேன். சில நிமிடங்களில் நான் நின்ற இடத்தைப் பிசகாமல் காட்டியது. மணி சரி, கிழமையும் சரி. தேதி மட்டும் 19 ஆண்டுகள் ஏழரை மாதங்கள் பின்தங்கி நின்றது. பழுதாகிவிட்டது, தூக்கிப் போடு என்றார்கள். எனக்கு ஆறவில்லை.

ஜி.பி.எஸ் செயற்கைக்கோள் நாள், மாதம், ஆண்டு எதையும் அனுப்புவதில்லை. எத்தனையாவது வாரம், அந்த வாரம் பிறந்து எத்தனை நொடி என்றுதான் சொல்கிறது. வாரக் கணக்கு தொடங்கியது 1980 ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமை. பழைய சிக்னலில் வார எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 10 பிட் (இரும இலக்கம்) மட்டுமே. பூஜ்யத்திலிருந்து 1023 வரை போனால் 1024 வாரங்கள், அதாவது 19 ஆண்டுகள் ஏழரை மாதங்கள்; அந்தச் சுற்று முடிந்ததும் எண் மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். 1999 ஆகஸ்டில் ஒரு முறை, 2019 ஏப்ரலில் ஒரு முறை வந்தது. அடுத்தது 2038 நவம்பரில். முழு வாரங்களாகவே பிசகுவதால்தான் கிழமை மட்டும் தப்பிவிடுகிறது.

இப்போது நடப்பது எத்தனையாவது சுற்று என்பதைக் கருவிதான் ஊகிக்க வேண்டும். பரவலான வழி இது: மென்பொருள் எழுதப்பட்ட வாரத்தை உள்ளே பதித்துவிடுவார்கள். அதற்கு முந்தைய தேதி வர வழியில்லை என்பதால், அதைவிடச் சிறிய எண் வந்தால் அடுத்த சுற்று என்று கருவி எடுத்துக்கொள்ளும். அழகான யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாரத்திலிருந்து சரியாக 1024 வாரங்கள்தான் அது செல்லும். அதனால்தான் ஒவ்வொரு கருவியும் தனக்கென்று ஒரு நாளில் தடுக்கி விழுகிறது. ஐபோன் 5 இப்படி 2019 நவம்பர் 3 அன்று சிக்கவிருந்தது. ஆப்பிள் முன்கூட்டியே அறிவித்துப் புதுப்பிப்பும் கொடுத்தது. அதுதான் முறை.

பூமியின் சுழற்சியோடு கடிகாரத்தைப் பொருத்த அவ்வப்போது சேர்க்கும் கூடுதல் நொடிக்கு லீப் நொடி என்று பெயர்; அவற்றின் எண்ணிக்கையை வைத்துச் சுற்றை ஊகிப்பவர்களும் உண்டு. செயற்கைக்கோள் அந்த எண்ணிக்கையையும் அனுப்புகிறது. காலம் போகப் போக அது கூடும் என்பது நம்பிக்கை. ஆனால் 2016 டிசம்பருக்குப் பிறகு ஒரு லீப் நொடிகூடச் சேர்க்கப்படவில்லை, எண் 18-லேயே நிற்கிறது. ஜி.பி.எஸ் தரவைக் கணினிகளுக்குத் தரும் ஜிபிஎஸ்டி என்ற திறமூல மென்பொருளில் அப்படி எழுதிய ஒரு சோதனை, 2021 அக்டோபர் 24 அன்று உலகத்தை 2002-க்கு இழுத்துச் சென்றிருக்கும். சில மாதங்களுக்கு முன்பே ஒருவர் கவனித்ததால் திருத்தினார்கள். நிரல் திறந்து கிடந்தது, கண்ணில் பட்டது. பூட்டிவைத்த கருவிக்குள் யார் எட்டிப் பார்ப்பது?

2019-இல் நியூயார்க் மாநகரின் கம்பியில்லா வலைப்பின்னல் இதே காரணத்தால் முடங்கியது. பல ஆண்டுகளுக்கு முன்பே தேதி குறிக்கப்பட்டிருந்த ஒரு நிகழ்வுக்கு ஒரு மாநகரம் தயாராக இல்லை என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

புதிய சிக்னல்களில் வார எண்ணுக்கு 13 பிட். ஏறத்தாழ 157 ஆண்டுகள் தாங்கும். பழைய கருவிகளுக்கு அந்தச் சிக்னல் கேட்காது. கடைசியாகக் கண்ட தேதியைச் சில பைட்டுகளில் சேமித்து வைத்திருந்தாலே அவையும் பிழைத்திருக்கும். அதுவும் முடியாதென்றால், மருந்து அட்டையில் அச்சிடுவதுபோல் காலாவதித் தேதியைப் பெட்டியின்மேல் அச்சிடட்டும். அது அவர்களுக்குத் தெரிந்த தேதி. காசு கொடுத்து வாங்கியவருக்கு மட்டும் ஏன் தெரியக் கூடாது?

என் கருவியைத் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினேன். இந்த மாடலுக்கு இனிப் புதுப்பிப்பு இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. உள்ளே எந்த வாரத்தைப் பதித்தீர்கள் என்பதையாவது சொல்லுங்கள் என்று மறுபடி எழுதியிருக்கிறேன். அதுவரை, கருவி காட்டும் தேதியோடு 7168 நாட்களைக் கூட்டிக் குறித்துக்கொள்கிறேன்.