ஊர் சுற்றித்தான் ஆள் ஆகிறான்

ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையப் பொதுக்கூட்டத்தில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். வலை இழுப்பவரின் மகனான ஒரு தம்பியின் பெயரைத் தலைவர் பதவிக்கு முன்மொழிந்ததும் ஒரு பெரியவர் எழும்பிக் கேட்டார்: "கொலிஜ் கூட்டாளிகளோட ஊர் சுத்துற பொடியனுக்கு என்ன தலைமைத்துவம்?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெயரும் விலக்கப்பட்டது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

2025 நவம்பரில் டிட்வா புயலோடு திருகோணமலையில் மாவிலாறு அணைக்கட்டு உடைந்து, மூதூர், வெருகல் பக்கம் வெள்ளத்தில் கிடந்தபோது சாப்பாட்டுப் பார்சலும் பால்மாவும் கொண்டுபோனது யார்? இதே கூட்டாளிகள்தான். ஒருவன் கிண்ணியா, ஒருவன் மூதூர், ஒருவன் நிலாவெளி. எந்த வீதியால் போகலாம், எந்தப் பள்ளிக்கூடத்தில் சனம் தங்கியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏன் தெரிந்தது? ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டு, படுத்து எழும்பியவர்கள். ஊர் சுற்றியவர்கள்.

என் காலத்தைச் சொல்கிறேன். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் 'பாதை' என்கிற மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டும். அம்மாவுக்குச் சரியான பயம், நாடு அப்போது அப்படி. ஆனாலும் வகுப்புத் தோழன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். முதன்முதலாகச் சகன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டது அங்கேதான். 2004 சுனாமி கிண்ணியா வைத்தியசாலையையே சிதைத்தபோது, அந்த வீட்டைத் தேடிக்கொண்டு எல்லோரும் போனோம். முகாமில் தண்ணீர் பவுசர் வந்தால் அடிபாடு. வகுப்பில் வாயே திறக்காத ஒருவன், கைப்பிள்ளையோடு நின்ற தாய்மாரை முன்னுக்கு விட்டு வரிசை பிடித்தான். வளர்ந்த ஆம்பிளைகளும் அவன் சொல் கேட்டு நின்றார்கள். தலைமைத்துவப் பயிற்சி ஒன்றும் அவன் எடுத்ததில்லை. நாங்கள் பின்னால் நிற்போம் என்பது அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

படிப்பு கெட்டுவிடும் என்பீர்கள். அந்தத் தம்பி பட்டம் முடித்தவன், பேச்சு முடிந்தது. சகோதரத்துவம் என்ற பெயரில் பகிடிவதை நடக்கவில்லையா என்று கேட்டால், நடக்கிறது, கொடுமைதான். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமே அதைக் குற்றமாக்கியது. புதுப் பொடியனை அழவைப்பவனையும், வெள்ளத்தில் நண்பனின் தாயைத் தோளில் தூக்கி வந்தவனையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. டொக்டரின் மகன் நண்பர்களோடு எல்லவுக்குப் போய்ப் படம் போட்டால் எல்லோரும் வாழ்த்துகிறீர்கள். வலை இழுப்பவரின் மகன் போனால் மட்டும் ஏன் குறை? என் அப்பாவும் கடலுக்குப் போனவர்தான். அதனால் இதை என்னால் விட முடியாது. நிலையத்தின் யாப்பில் எந்த விதிப்படி அந்தப் பெயரை விலக்கினீர்கள் என்று நிர்வாகம் எழுத்தில் தரட்டும்.