சிக்கிள் செல் குழந்தைகளின் பக்கவாதம்: 'தடுக்கவே முடியாது' என்பது தவறு

"சிக்கிள் செல் ரத்தசோகை உள்ள குழந்தைக்குப் பக்கவாதம் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது, தடுக்கவும் வழியில்லை" என்றொரு செய்தி பகிரப்படுகிறது. இது கால் நூற்றாண்டுக்கு முன்பே பொய்யாகிப்போன கூற்று. (சிக்கிள் செல் என்பது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோய்.)

அமெரிக்காவின் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் ராபர்ட் ஆடம்ஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்தது, பக்கவாத ஆபத்தை முன்கூட்டியே கண்டறிவதைத்தான். நெற்றிப்பொட்டில் ஜெல் தடவி, ஒலி அலைகளால் ரத்த ஓட்டத்தை அறியும் டாப்ளர் கருவியை வைத்து, மூளைக்குப் போகும் ரத்தத்தின் வேகத்தை அளப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. குழந்தை தூங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். தூங்கினால் அளவு மாறிவிடும். சராசரி வேகம் விநாடிக்கு 200 சென்டிமீட்டரைத் தொட்டால் பக்கவாத ஆபத்து அதிகம்.

அப்படிப்பட்ட 130 குழந்தைகளிடம் நடந்த 'ஸ்டாப்' ஆய்வு 1998-இல் வெளியானது. தொடர்ந்து ரத்தம் ஏற்றினால் பக்கவாதத்தைத் தடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். அப்படி ரத்தம் ஏற்றப்பட்டவர்களில் ஒருவருக்கு மட்டுமே பக்கவாதம். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 11 பேருக்கு. வித்தியாசம் அத்தனை தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள்.

சரி, வேகம் குறைந்ததும் ரத்தம் ஏற்றுவதை நிறுத்திவிடலாமா? அதையும் சோதித்தார்கள். 2005-இல் வெளியான முடிவின்படி, நிறுத்திய 41 பேரில் 14 பேருக்கு வேகம் மறுபடி ஏறியது, இருவருக்குப் பக்கவாதமே வந்தது. ரத்தம் ஏற்றுவதால் உடலில் இரும்புச்சத்து அளவுக்கு மீறிச் சேரும் என்பது உண்மைதான். அதற்காகத் தாமாக நிறுத்தக் கூடாது. சிலர் சிக்கிள் செல் நோய்க்குத் தரப்படும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரைக்கு மாறலாம், அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.