கப்பமும் வாக்கும்

பண்டைய ஏதென்ஸின் ஜனநாயகமும் பேரரசும் ஒன்றுக்கொன்று முரண் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பணக்கணக்கைப் பார்த்தால் ஒன்றை ஒன்று தாங்கி நின்றது தெரியும். பாரசீகத்துக்கு எதிராக ஏதென்ஸ் தலைமையில் கிரேக்க நகரங்கள் அமைத்த டீலோஸ் கூட்டணியின் கருவூலம் கி.மு. 454இல் ஏதென்ஸுக்கு வந்தது. கூட்டணி நகரங்கள் கட்டிய கப்பத்தில் அறுபதில் ஒரு பங்கு ஏதீனா தெய்வத்துக்கு. ஒரு போர்க்கப்பலுக்கு 170 பேர் துடுப்புப் போட வேண்டும். அவர்களில் கணிசமானோர் கப்பப் பணத்தில் கூலி பெற்ற ஏழைக் குடிமக்கள், சபையில் கையுயர்த்தியவர்களும் அவர்களே. கப்பத்தைக் குறைக்க அவர்கள் ஏன் வாக்களிப்பார்கள்?

ரோம் குடியுரிமையைப் படிப்படியாக வெளியாருக்கும் கொடுத்தது. ஏதென்ஸோ 451இல், அதன் தலைவர் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டத்தால், தாய் தந்தை இருவரும் குடிகளாக இருந்தால்தான் உண்டு என்று கதவைச் சாத்தியது. என் பார்வையில் கோளாறு இங்கேதான். 427இல், கிளர்ச்சி செய்த கூட்டணி நகரமான மிட்டிலீனியின் ஆண்கள் அனைவரையும் கொல்லத் தீர்மானித்த சபை, மறுநாள் மனம் மாறி, ஆணையுடன் போன முதல் கப்பலைத் தடுக்க இரண்டாவது கப்பலை விரட்டி அனுப்பியது. இரண்டு வாக்கெடுப்பிலும் மிட்டிலீனிக்காரர்களுக்கு வாக்கில்லை.