டெல்லியின் பெயரும் ஐ.சி.யூ. வாஷ்பேசினும்

நோயாளியின் சாம்பிளில் வளர்ந்த கிருமி எந்த ஆன்டிபயாடிக்குக்கு அடங்கும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் வரிசையாக 'ஆர்' விழுவதைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. ஆர் என்றால் ரெசிஸ்டன்ட், அந்த மருந்துக்குக் கிருமி மசியாது. லேபில் சேர்ந்த புதிதில் மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கு நேரே ஒரு 'ஆர்' வந்தாலே சீனியரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். அவரும் நம்பாமல் மறுபடி போடச் சொல்வார். இப்போது 'எஸ்', அதாவது கிருமி மசியும் என்று வந்தால்தான் மறுபடி போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. (கொஞ்சம் மிகைதான். கொஞ்சம் மட்டுமே.)

நேற்று எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் என்.டி.எம்.-1 என்ற, டெல்லியின் பெயர் வைத்த கிருமி நொதியின் கதை மறுபடி கிளம்பியது. "நம்ம ஆஸ்பத்திரிகளுக்கு வெளிநாட்டு நோயாளிகள் வருவதைத் தடுக்க வெள்ளைக்காரன் செய்த சதி" என்கிறார் சித்தப்பா.

நடந்தது இதுதான். டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில் 2008இல் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா கிடைத்தது. மெரோபெனம் போன்ற கார்பபெனம் வகை மருந்துகளையே உடைத்துப்போடும் நொதி அதனிடம் இருந்தது. அந்த நொதிக்கு 'நியூ டெல்லி' என்று தொடங்கும் பெயர் வைத்தார்கள், சுருக்கம்தான் என்.டி.எம்.-1. 2010 ஆகஸ்டில் 'லான்செட்' குழும இதழில் அடுத்த ஆய்வு வந்தது. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் அதே நொதி. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் வெள்ளைக்காரர் இல்லை சித்தப்பா, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமி.

ஊர்ப் பெயர் வைத்தது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் இத்தாலியின் வெரோனா பெயரிலும் பிரேசிலின் சாவோ பாவ்லோ பெயரிலும் இதே குடும்பத்து நொதிகள் அதற்கு முன்பே உண்டு. அந்தத் துறையின் கெட்ட பழக்கம் அது. பெயர்ச் சண்டையிலேயே நம் கவனம் போய்விட்டது என்பதுதான் என் ஆதங்கம்.

சதி இல்லை என்று ஒப்புக்கொள்பவர்கள் அடுத்து நோயாளியைப் பிடித்துக்கொள்கிறார்கள். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கினான், பாதியில் நிறுத்தினான் என்று. அதில் உண்மை இருக்கிறது. அதற்காகத்தான் 2014 மார்ச்சில் சில ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்னும் எச்1 பட்டியல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் மூட்டு மாற்றப் படுத்த ஒருவருக்கு மூன்றாம் நாள் உடலில் செருகிய கத்தீட்டர் குழாய் வழியாக இந்தக் கிருமி ஏறினால், அவர் எந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார்? அது பக்கத்துப் படுக்கையிலிருந்து யாரோ ஒருவர் கையில் வந்தது. இந்த நொதிக்கான மரபணு பிளாஸ்மிட் என்ற சின்ன வளையத்தில் உட்கார்ந்திருக்கிறது. கிளெப்சியெல்லா அதை ஈ.கோலை என்ற வேறொரு பாக்டீரியாவுக்கே தூக்கிக் கொடுத்துவிடும். அதற்குப் பிறகு கொலிஸ்டின் மாதிரி, சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் பழைய மருந்துகளைத்தான் வெகுகாலம் தேடிப்போக வேண்டியிருந்தது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் ஒரே வாரத்தில் மூன்று ஐ.சி.யூ. நோயாளிகளின் சாம்பிள்களில் ஒரே மாதிரி கிளெப்சியெல்லா. கிருமியை வளர்க்கும் மெக்கான்கி பிளேட்டில் கொழகொழவென்று ரோஸ் நிறத்தில், மூன்றுக்கும் அதே 'ஆர்' வரிசை. கிருமி எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்க, பஞ்சுக் குச்சியால் ஸ்வாப் எடுக்க அந்த ஐ.சி.யூ.வுக்குப் போனோம். மொத்த யூனிட்டுக்கும் ஒரே வாஷ்பேசின், அதையும் போர்ட்டபிள் எக்ஸ்ரே மெஷின் மறித்துக்கொண்டு நின்றது. இரண்டு படுக்கைகளில் ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் கிருமிநாசினி) பாட்டில் காலி.

நைட் டியூட்டி நர்ஸ் சொன்னாள்: "அக்கா, நாலு வென்டிலேட்டர் பெட்டை நான் ஒருத்தியே பார்க்கிறேன். ஒருத்தருக்குச் சளி உறிஞ்சிட்டிருக்கும்போதே அடுத்த அலாரம் அடிக்குது. நான் ஓடட்டுமா, கை தேய்க்கட்டுமா?" முறையாகத் தேய்க்க ஒரு தடவைக்கு 20 முதல் 30 வினாடி ஆகும். அவளிடம் பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

கூடுதல் நர்ஸ், படுக்கைக்கு ஒரு ஹேண்ட் ரப், இன்னும் இரண்டு வாஷ்பேசின் என்று எழுதிக் கொடுத்தோம். பத்து நாளில் ஒன்று வந்தது: கை கழுவும் முறையைப் படிப்படியாகக் காட்டும் போஸ்டர், பளபளவென்று லேமினேட் செய்து. வாஷ்பேசினுக்கு மேலே ஒட்டினார்கள். எக்ஸ்ரே மெஷின் மறைத்ததில் முதல் இரண்டு படிதான் கண்ணுக்குத் தெரிந்தது.