ஏசி நின்ற மூன்று இரவுகள்

வெள்ளி இரவு பதினொன்றரைக்கு எங்கட ஏசி ஒருதரம் செருமிவிட்டு நின்றது. பச்சை லைட் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. பிரேக்கரை இறக்கி ஏற்றினேன். ரிமோட் பற்றரியை உருட்டிப் போட்டேன் (இதால் என்ன பிரயோசனமோ, எல்லாரும் செய்வதுதான்). காலையில் ஏசி திருத்துகிற பாஸ் வந்து வெளிப்பெட்டியைக் கழற்றிக் காட்டினார். தகடு தொட்டாலே உதிர்ந்தது.

"கடலுக்குக் கிட்ட வீடு சேர், உப்புக்காத்து தின்னாம விடுமா? காஸ் எல்லாம் போயிட்டு. சாமான் வர திங்களாகும்."

மட்டக்களப்புக் கல்லடியில், வைகாசியில், திங்கள் வரைக்கும்!

இது கச்சான் வீசுகிற காலம். வெளியூர் நண்பர்களே, கடலையைச் சொல்லவில்லை. தென்மேல் பருவக்காற்று தன் மழையெல்லாம் மலைநாட்டுக்கு மேற்கே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மலையிறங்கி, காய்ந்து சூடாகி எங்கள் பக்கம் வந்து சேரும். அதற்குத்தான் கச்சான் என்று பெயர். கொழும்பில் குடை பிடிக்கிற மாதத்தில் எங்களுக்கு உதடு வெடிக்கும்.

ஏசி நின்ற அந்த வெள்ளி இரவு ஃபேனை ஐந்தில் விட்டும் தலையணை நனைந்தது. ஒரு மணிக்குக் கதிரையில் ஏறி சிலாப்பைத் தொட்டுப் பார்த்தேன். அயன் பண்ணி மடித்துவைத்த சேட்டு மாதிரி இளஞ்சூடு. பகல் முழுக்கக் குடித்த வெயிலை கொங்கிறீற் இரவில்தான் கக்கும். அந்தச் சூட்டைத்தான் ஃபேன் என் நெஞ்சில் இறக்கிக்கொண்டிருந்தது.

வீடு கட்டும்போது மேசன் பாஸ் கேட்டவர், "யன்னலுக்கு மேல காத்துப் போக ஓட்டை விடுவமா சேர்?" என்று. ஏசிக் குளிர் வெளியே போய்விடும், வேண்டாமென்று சொன்னது நான்தான். மேற்குச் சுவரில் யன்னலே இல்லை, அங்கே பாத்ரூம். கல்லடியில் இருப்பவர்களுக்குத் தெரியும்: பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், இரவில் மேற்கே வாவிப் பக்கமிருந்துதான் வரும். அந்தக் காற்றுக்கு நான் கட்டி வைத்திருப்பது கொமட்.

இரண்டாம் இரவு பாயைச் சுருட்டிக்கொண்டு வளவின் பின்னால் பெத்தாவின் (பாட்டியின்) வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு. முன்கதவும் பின்கதவும் ஒரே நேரில். "அம்மனுக்கே வருசத்துக்கு ஒருக்காத்தான் குளிர்த்தி பாடுற, உனக்கு ஒவ்வொரு நாளும் வேணுமோ மனே?" என்று பெத்தா சிரித்தா. (குளிர்த்தி என்பது கண்ணகி அம்மன் சடங்கில் அம்மனைக் குளிரவைக்கப் பாடுவது.) விறாந்தையில் நுளம்பு வலைக்குள் பன்பாயில் படுத்தேன். பத்து மணிக்கெல்லாம் ஓடு ஆறிவிட்டது. இரண்டு மணிபோல வாவிக் காற்று வலையை உள்ளே தள்ளியது. பிறகு விடிந்ததுதான் தெரியும். மூன்றாம் இரவு யாரும் கூப்பிடாமலே போனேன்.

உடனே "அந்தக் காலம் பொற்காலம்" என்று கொமென்ட் போட வேண்டாம். 1978 நவம்பர் சூறாவளியில் ஓடு பறந்ததைக் கண்ட சனம் சிலாப் அடிக்க ஆசைப்பட்டது ஞாயம்தான். யுத்த காலத்தில் விறாந்தையில் படுக்க யாருக்குத் துணிச்சல் இருந்தது? 2011 ஆகஸ்டில் உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் ஆள் வருகுது, கிறீஸ் பூதம் என்று ஊரே யன்னலை அடித்துச் சாத்திக்கொண்டு வெந்தது. இதே பெத்தா தலைமாட்டில் கத்தி வைத்துப் படுத்தவ. சாத்தினதற்கெல்லாம் காரணம் இருந்தது. நான் சாத்தினதற்கு ஏசி விளம்பரத்தைத் தவிர வேறு காரணமில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினபோதாவது யோசித்திருக்கலாம். அப்போது நான் செய்ததெல்லாம் இன்வேர்ட்டர் விலை விசாரித்தது.

ஏசி வேண்டாமென்று சொல்ல வரவில்லை. திங்கள் பின்னேரம் சாமான் பூட்டினதும் 24இல் போட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தவன் நான். தகரக் கொட்டிலில் ஒரு ஃபேனும் இல்லாமல் பிள்ளைகளைப் படுக்கவைக்கிறவர்களுக்கு முன்னால் என் மூன்று இரவு ஒரு கதையுமில்லை. ஆனால் இப்போது வீட்டுப் பிளான் கீறுவிக்கிறவர்களே, ஏசி நின்றால் காற்று எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போகும் என்று கீறுகிறவரிடம் ஒருதரம் கேளுங்கள். சுவர் எழும்ப முதல் கேளுங்கள்.

நான் இப்போது கேட்டதற்கு மேசன் பாஸ் சொன்ன விலை: பாத்ரூமை உடைத்து மாற்ற, புது ஏசி ஒன்றும் பாதியும். யன்னலுக்கு மேல் ஓட்டை மட்டும் போட சனிக்கிழமை வாறார். தூசி வரும் என்று மனுசி இன்னும் சம்மதிக்கவில்லை.