டோரிஸ் பர்க் என்.பி.ஏ. ஆடவில்லையாம்

அமெரிக்கக் கூடைப்பந்து விமர்சகர் டோரிஸ் பர்க்கை இஎஸ்பிஎன் தொலைக்காட்சி தன் முதன்மை வர்ணனைக் குழுவிலிருந்து இறக்கியதில்கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. நம் கூடைப்பந்து ரசிகர்கள் கொண்டாடுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. என்.பி.ஏ. என்பது அங்குள்ள ஆண்கள் தொழில்முறை லீக். "என்.பி.ஏ.வில் ஒரு நிமிடம்கூட ஆடாதவருக்கு இறுதிப் போட்டியில் என்ன வேலை?" என்று ஒரு பெரியவர் கேட்கிறார். அதற்கு அத்தனை கைதட்டல்.

ஐயா, அதே இஎஸ்பிஎன்னில் வர்ணனை செய்த மைக் பிரீன் எந்த என்.பி.ஏ. அணிக்கு ஆடினார்? விமர்சகராக இருந்த ஜெஃப் வான் கண்டி? அவர்களிடம் இத்தனை ஆண்டுகளாக இந்தச் சான்றிதழை நீங்கள் கேட்டதே இல்லையே! பர்க் பிராவிடன்ஸ் கல்லூரி அணியின் பாயின்ட் கார்டு, அதாவது ஆட்டத்தை நடத்திச் செல்பவர். அசிஸ்டில், அதாவது கூடை விழ வழிசெய்யும் பாஸில், கல்லூரிச் சாதனையோடு வெளியே வந்தவர். அது 1987. பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ. லீக்கின் ஆட்டங்கள் தொடங்கியதே 1997இல். இல்லாத லீக்கில் எப்படி ஆடுவது?

1990இல் கல்லூரிப் பெண்கள் ஆட்டங்களுக்கு வானொலியில் பேசத் தொடங்கியவர், என்.பி.ஏ. இறுதிப் போட்டியின் தொலைக்காட்சி விமர்சகராக உட்கார்ந்தது 2024இல். பக்கத்தில் முன்னாள் என்.பி.ஏ. வீரர் ஜே.ஜே. ரெடிக், அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றது 2021இல்தான். ரெடிக்கைக் குறை சொல்லவில்லை, நன்றாகவே பேசுவார். கணக்கை மட்டும் பாருங்கள்.

"பர்க்கின் ஒப்பந்தத்தை நீட்டித்தார்களே" என்பீர்கள். சரி, நீட்டித்தார்கள். "குழுவில் இணக்கம் இல்லை" என்பீர்கள். அவரோடு பேசிய டாக் ரிவர்ஸ் பாதிப் பருவத்தில் மில்வாக்கி அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். ரெடிக்கும் லேக்கர்ஸ் அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். பிறகு ரிச்சர்ட் ஜெஃபர்சன் வந்தார். பக்கத்து நாற்காலி மாறிக்கொண்டே இருந்தால் இணக்கம் எங்கிருந்து வரும்? பழி மட்டும் எழுந்து போகாதவர் மேல்.

கல்லூரியில் நானும் ஆடினேன். ஒரு போட்டியில் மைக்கைப் பிடித்து, தடுப்பாளரை மறித்துத் திரை போட்டவள் எந்தப் பக்கம் திரும்பினாள், எதிரணி ஏன் ஏமாந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உடற்கல்வி ஆசிரியர் வந்து, "நீ ஸ்கோர் எழுதும்மா, அவன் பேசட்டும்" என்றார். அவன் பந்தைத் தொட்டதே இல்லை. எழுதினேன். வேறென்ன செய்வது?

அதனால்தானோ என்னவோ, எல்லோரும் கூடையைப் பார்க்கும்போது மறுபக்கத்தில் அரை அடி தாமதமாக நகர்ந்த தடுப்பாளரின் காலைச் சொல்லும் அந்தக் குரல் எனக்குப் பிடிக்கும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அது உங்கள் ரசனை. ஆனால் முன்னாள் வீரரும் தொலைக்காட்சி விமர்சகருமான சார்ல்ஸ் பார்க்லி, எந்த வீரர் எந்த அணி என்று தெரியாமல் விழிப்பதையே நிகழ்ச்சியில் ஒரு விளையாட்டாக நடத்தினார்கள். வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். பர்க் ஒரு பெயரில் தடுமாறினால் அந்தத் துண்டுக் காணொளி வாரம் முழுக்கச் சுற்றுகிறது. உங்களில் சிலர் எனக்கே அனுப்பினீர்கள், சிரிப்புப் பொம்மையோடு.